டயாலிசிஸ் பிரிவில் ஷிஃப்டு மாறும்போது மெஷினைத் துடைக்க நேரம் கேட்டு மனு

அனுப்புநர்:
டயாலிசிஸ் நோயாளிகளின் குடும்பத்தாரும் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்களும்,
தேவிபட்டினம், தொண்டி கடற்கரைப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: டயாலிசிஸ் பிரிவில் தொற்றுத் தடுப்பு விதிகளை நடைமுறைப்படுத்தக் கோருதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து உரிய இடங்களில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பதில் வராததால் தங்களிடம் வந்திருக்கிறோம். எந்தப் பிரிவு என்பதைத் தனித்தாளில் இணைத்துள்ளோம். தொண்டிப் பக்கம் மாலைக்கு மேல் பஸ் எப்படி ஓடுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. கடைசிப் பஸ்ஸை விடக்கூடாது என்ற அவசரத்தில்தான் தப்பெல்லாம் நடக்கிறது.

1. காலை ஷிஃப்டு முடிந்த பத்து நிமிடத்தில் அடுத்த நோயாளியை அதே நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். முதல் நோயாளி ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே மெஷினைத் துடைக்கிறார்கள். அவர் எழுந்து போன பிறகுதான் துடைக்கவே தொடங்க வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் திரவம்) 10 மி.லி.யை 990 மி.லி. தண்ணீரில் அன்றன்று கலந்து, நாற்காலியின் கைப்பிடி, மெஷினின் முன்பக்கப் பொத்தான்கள், ட்ரே, பி.பி. கஃப் எல்லாவற்றையும் ஈரமாகத் துடைத்து, தானாகக் காயவிட வேண்டும். ரத்தம் சிந்திய இடத்துக்கு அதே ஹைப்போகுளோரைட் 100 மி.லி.க்கு 900 மி.லி. தண்ணீர் என்ற கலவை. மெஷினுக்குள் ரின்ஸ் (உட்குழாய்களை அலசுவது) ஓடுகிறதே என்கிறார்கள். உள்ளே ஓடும் ரின்ஸ் வெளியே ஒட்டியிருக்கும் ரத்தத்தைத் துடைக்குமா, ஐயா? மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு போதும்.

2. ஒரே கையுறையோடு ஒரு நோயாளியின் ஃபிஸ்டுலாவையும் (டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக்குழாய்) பக்கத்து மெஷினின் அலாரம் பொத்தானையும் தொடுகிறார்கள். ஆளுக்கு ஆள் கையுறை மாற வேண்டும். கழற்றியதும் கை கழுவ வேண்டும். பெட்டி தீர்ந்துவிட்டது என்பது பதிலே அல்ல.

3. டிரான்ஸ்டியூசர் ஃபில்டர் (ரத்தக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் இடத்தில், ரத்தம் மெஷினுக்குள் போகாமல் தடுப்பது) ரத்தத்தில் நனைந்தால் உடனே புதிதாக மாற்ற வேண்டும். உள் ஃபில்டரிலும் ரத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே சிரிஞ்சால் காற்றை அழுத்தி ரத்தத்தைத் திருப்பித் தள்ளுகிறார்கள். மெல்லிய அந்தச் சவ்வு கிழிந்தால் ரத்தம் மெஷினுக்குள் போகும். அடுத்து அந்த மெஷினில் உட்காருபவர் என்ன பாவம் செய்தார்?

4. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் மருந்தைத் தனி மேசையில் நிரப்பாமல், ட்ராலியில் குப்பியோடு படுக்கை படுக்கையாகக் கொண்டுபோகிறார்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி அறை, தனி மெஷின் வேண்டும். அவருடைய டயாலைசரை (ரத்தத்தை வடிகட்டும் உருளை) மறுபடி பயன்படுத்தவே கூடாது.

5. காவிரித் தண்ணீர் வராத நாளில் டேங்கர் தண்ணீர்தான். ஒரு ஷிஃப்டில் ஒருவருக்கு 120 லிட்டர் போகிறது. தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருந்தால் ரத்தத்துக்குக் கெடுதி என்பதால், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன் குளோரின் சோதனை செய்து நோட்டில் எழுத வேண்டும்.

டெக்னீஷியன்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆளும் நேரமும் போதாத இடத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்? சிறுநீரகம் போய் வாரம் மூன்று நாள் வருகிறவருக்கு, வந்த இடத்தில் மஞ்சள் காமாலையும் ஒட்ட வேண்டுமா? இதற்கு இன்னும் எத்தனை மனு எழுதுவது?

ஆகவே, இரண்டு ஷிஃப்டுக்கு இடையே நாற்காலி காலியான பிறகு குறைந்தது முப்பது நிமிடம் ஒதுக்கவும், அதற்கேற்ப மாலைப் பஸ்ஸின் நேரத்தைத் தள்ளிவைக்கவும், கையுறை தடையின்றிக் கிடைக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். ஷிஃப்டு மாறும் நேரத்தில் முன்னறிவிப்பின்றி ஒரு நாள் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், ஐயா. மீண்டும் கேட்கிறோம்: அந்த முப்பது நிமிடத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டோர்