அந்த 99 பேர்

அன்புள்ள சண்முகம்,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டப்ளினில் ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. பேத்தி என்னை ஐரிஷ்காரனாக்கப் பார்க்கிறாள். உருளைக்கிழங்கு வரை ஒத்துப்போகிறது.

"ஜனங்களுக்கு ஏது சொந்தக் கருத்து? கடைசியாக மைக் பிடித்தவன் சொன்னதுதான்" என்று எழுதியிருந்தாய். நாற்பது வருடம் டீக்கடையில் உன்னோடு மல்லுக்கட்டியவன் நான், சும்மா விடுவேனா?

இங்கே அயர்லாந்தின் கால்வேயில் 2012-இல் நம் நாட்டுப் பெண் சவிதா, கருச்சிதைவின்போது கருக்கலைப்பு மறுக்கப்பட்டு இறந்தது உனக்கு நினைவிருக்கும். 1983-இல் அரசியல் சட்டத்தில் ஏறிய கருக்கலைப்புத் தடையைத் தொட இங்கே கட்சிகளுக்குப் பயம். 2016-இல் 99 சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, 'குடிமக்கள் மன்றம்' என்று பெயர் சூட்டி, நீதிபதி மேரி லஃபாய் தலைமையில் உட்காரவைத்தார்கள். மலாஹைடில் ஒரு ஹோட்டல், வட்ட மேசைகள், இந்தக் கேள்விக்கு மட்டும் ஐந்து வாரக் கடைசிகள். சம்பளம் கிடையாது. மருத்துவர், வழக்கறிஞர், இரு தரப்பு இயக்கத்தார் எல்லாரையும் கேட்டார்கள்; பிறகு தங்களுக்குள் பேசினார்கள். மேசைக்கு மேசை ஒருவர், வாயாடி மற்றவர்களை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொண்டார். (நம் டீக்கடையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் உன் பாடு திண்டாட்டம்.) முடிவில் 64 சதவீதம் பேர், காரணம் கேட்காமல் அனுமதிக்கலாம் என்றார்கள். எல்லை மீறிவிட்டார்கள் என்று அரசியல்வாதிகள் முணுமுணுத்தார்கள். 2018 மே மாத வாக்கெடுப்பில் தடையை நீக்க 66.4 சதவீதம் விழுந்தது.

உத்திரமேரூர்க் குடவோலையை இழுப்பாய், தெரியும். அங்கே நிலமும் வேதமும் உள்ளவன் பெயர்தானே குடத்துக்குள் போனது?

உனக்கும் ஒரு துருப்புச் சீட்டு தருகிறேன். வீட்டில் பராமரிப்பவர்களை ஆதரிப்பது அரசின் கடமை என அரசியல் சட்டத்தில் எழுதச் சொன்னது பின்னால் வந்த இன்னொரு குடிமக்கள் மன்றம். அரசோ, ஆதரிக்க 'முயலும்' என்று நீர்த்த வாசகத்தை வாக்குக்கு விட்டது. 2024 மார்ச்சில் 73.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. எனக்கு உறுத்துவது அந்த ஒரு சொல்தான்.

போன கிராம சபையில் தீர்மானத்தை வாசித்தார்கள், நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், அரை மணியில் எழுந்துவிட்டோம். அன்று திடீரென்று நம் கருத்தைக் கேட்டிருந்தால் நாம் மட்டும் என்ன பெரிதாகச் சொல்லியிருப்போம்? ஆகஸ்ட் 15-க்குள் ஊர் திரும்பிவிடுவேன். குடிநீர்த் தொட்டி வரவு செலவுக் கணக்கை முன்கூட்டியே கேட்டு வாங்கி வை. படித்துவிட்டுப் போவோம்.

உன்,
ராமு