அணிலின் தலை ஏன் சாய்கிறது

அன்புத் தோழிக்கு,

உன் தோட்டத்து அணில் தலையைச் சாய்த்துக்கொண்டு தள்ளாடுகிறது, ரேபிஸாக இருக்குமோ என்று கேட்டு எழுதியிருந்தாய். முதலில் அந்த ரேபிஸ் பயத்தை இறக்கி வை. உன் கடிதத்தில் பாதி அந்தப் பயம்தான், மீதி அந்த அணில்மேல் உனக்கு இருக்கும் பாசம். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி. அணில், எலி, சுண்டெலி மாதிரிச் சின்னக் கொறிவிலங்குகளிடம் ரேபிஸ் இருப்பது மிக மிக அரிது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், அங்கே இவற்றிடமிருந்து மனிதருக்கு ரேபிஸ் பரவியதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. வெறிபிடித்த பெரிய மிருகம் கடித்தால் அணில் அந்தக் கடியிலேயே செத்துவிடும், நோயைச் சுமந்து திரிய அதற்கு நாள் கிடைக்காது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் காரணம். அதற்காகக் கடித்தால் பரவாயில்லை என்று இருந்துவிடாதே. யாரையாவது கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஊசி தேவையா இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

வார இறுதிகளில் நான் காட்டுயிர் மீட்பு மையம் ஒன்றுக்கு உதவப் போகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன் இல்லையா? பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது. அங்கே அணில் பற்றிக் கேட்டு வரும் ஃபோன்களில் முக்கால்வாசி உன் கேள்விதான்: தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது, கிளையில் நிற்க முடியாமல் விழுகிறது, இது என்ன நோய்? இதில் கஷ்டம் என்னவென்றால், மூளையிலோ உள்காதிலோ எது கெட்டாலும் வெளியே தெரிவது கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். அடிபட்டாலும் தலை சாயும், புழு இருந்தாலும் சாயும், காதில் சீழ் கட்டினாலும் சாயும், விஷம் தின்றாலும் தள்ளாடும். அதனால் நீ அனுப்பிய வீடியோவை வைத்து இன்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது, அனுபவமுள்ள கால்நடை மருத்துவர்கூட வீடியோவை மட்டும் பார்த்துச் சொல்ல மாட்டார். ஆனால் அது எங்கே நடமாடுகிறது, என்ன தின்கிறது, அக்கம்பக்கத்தில் யார் என்ன வைக்கிறார்கள் என்று விசாரித்தால் நிறைய விஷயம் பிடிபடும். அதில் பாதிக்கு மேல் நம் வேலிக்குள்ளேயே இருக்கும்.

எல்லாமே நோய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் கொளுத்தும் நாளில் அணில் வயிற்றைத் தரையில் அப்பி, நான்கு காலையும் பரப்பிப் படுத்துக் கிடக்கும், உடம்புச் சூட்டைத் தணிக்க. 2022 ஆகஸ்டில் நியூயார்க் பூங்காத் துறையே இதை விளக்கி, பயப்பட வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. இளம் அணில்கள் விளையாடும்போது அந்தரத்தில் முறுக்கிக் குதிப்பதும் புல்லில் உருள்வதும் பார்ப்பவருக்கு வலிப்பு மாதிரியே தோன்றும். ஆனால் உன்னுடையது இந்த ரகம் இல்லை. அது தின்னும்போதும் தலை சாய்ந்தே இருக்கிறது, ஏறும்போது எப்போதும் இடது பக்கமே சரிகிறது.

எனக்கு முதலில் தோன்றுவது அடி. வண்டி மோதியிருக்கலாம், கிளை முறிந்து விழுந்திருக்கலாம், பூனையோ நாயோ பருந்தோ பிடித்துவிட்டிருக்கலாம். தலையில் அடிபட்ட அணிலுக்கு மூக்கில் ரத்தம் காய்ந்திருக்கும், இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இருக்காது, சில சமயம் விழிகள் பக்கவாட்டில் வெடுக் வெடுக்கென்று ஆடும். பூனை கடித்திருந்தால் காயம் ஊசி குத்தின அளவுதான் தெரியும், ஆனால் பூனை வாயிலிருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து அணிலை சீக்கிரமே கொன்றுவிடும், அதற்கு உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டும். அடிபட்டு வீங்கின மூளை ஓரளவு தேறினாலும் தலை கொஞ்சம் சாய்ந்தே நின்றுபோவது உண்டு. அப்படிப்பட்ட அணில்கள் மரம் ஏறி, கூடு கட்டி, குட்டி போட்டு வாழ்வதும் உண்டு என்பதால், சாய்வைப் பார்த்தவுடனே நம்பிக்கையை விட வேண்டியதில்லை. உள்காதில் தொற்று என்றாலும் இதே மாதிரிதான், மருந்து கொடுத்தால் தேறும் வாய்ப்பு உண்டு.

நான் அதிகம் பயப்படுவது உருளைப்புழுவுக்கு. ரக்கூன் என்ற, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ள அமெரிக்க மிருகம் இருக்கும் ஊர்களில் இதுதான் பெரிய சந்தேகம் (ரக்கூனே இல்லாத இடத்தில் இதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்). பேலிசாஸ்காரிஸ் என்று பெயர். ரக்கூனின் குடலில் இந்தப் புழு பெரிதாக ஒன்றும் தொந்தரவு கொடுக்காமல் வளர்ந்து, நாள்தோறும் லட்சக்கணக்கில் முட்டை போடும். ரக்கூனுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும் பழக்கம் உண்டு. மரத்தடி, அடுக்கி வைத்த விறகு, கூரைமேல் என்று இடம் வைத்திருக்கும். அதில் செரிக்காமல் கிடக்கும் விதைகளைப் பொறுக்கத்தான் அணில் அங்கே போகிறது. வெளியே விழுந்து 2 முதல் 4 வாரத்தில் முட்டைகள் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும், அதன் பிறகு மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்கும், சாதாரணக் கிருமிநாசினி அதை ஒன்றும் செய்யாது, கொதிக்கும் தண்ணீரோ நெருப்போதான் வேண்டும். அணிலின் வயிற்றில் பொரிந்த குஞ்சுப்புழுக்கள் அங்கே முழுப் புழுவாக வளர முடியாமல் உடம்பெங்கும் அலைகின்றன. அதில் ஒன்றிரண்டு மூளைக்குள் போய்விட்டாலே போதும், அணிலின் மூளை அவ்வளவு சின்னது. முதலில் லேசான சாய்வு, அப்புறம் வட்டமடிப்பு, அப்புறம் உருண்டு புரள்வது, மனிதரைக் கண்டாலும் ஓடாமல் நிற்பது என்று நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும். அந்த நிலையில் இருக்கும் அணிலை ரக்கூன் சுலபமாகப் பிடித்துத் தின்னும், அப்போது புழு தனக்கு வேண்டிய குடலுக்கே திரும்பி வந்துவிடுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது மனசை என்னவோ செய்கிறது. அணிலிடமிருந்து உனக்கு இது தொற்றாது, அதன் மலத்தில் முட்டை வராது. ஆனால் அந்த ரக்கூன் கழிவிடம் மனிதருக்கும் ஆபத்து, மண்ணை வாயில் வைக்கும் சின்னக் குழந்தைகளுக்கு முக்கியமாக. உன் பேரன் வரும்போது விறகு அடுக்கின பக்கம் விடாதே. ஒன்று கவனித்துச் சொல்: சாய்வு அன்று இருந்த அளவிலேயே நிற்கிறதா, கூடுகிறதா? அடி என்றால் பெரும்பாலும் அதே அளவில் நிற்கும் அல்லது குறையும், புழு என்றால் கூடும்.

இப்போது சொல்லப்போவது உனக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். தினமும் நீ வைக்கும் வேர்க்கடலையும் சூரியகாந்தி விதையும். இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே வயிறு நிறையத் தின்னும் அணிலுக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கும், உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கும். கடைசியில் நடுக்கம், வலிப்பு, பின்னங்கால் இழுபறி, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவு என்று வந்து நிற்கும். பின்னங்கால் இழுத்தால் முதுகில் அடி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், பல சமயம் எலும்பே வலுவிழந்து போயிருக்கும். காட்டில் அணில்கள் விழுந்து கிடக்கும் எலும்பையும் மான்கொம்பையும் கொறிப்பது இந்தத் தாதுக்களுக்காகத்தான் என்பார்கள். பல வகை மரங்களில் திரிந்து மொட்டு, பட்டை, காளான், கொட்டை என்று கலந்து தின்னும் அணிலுக்கு இது அவ்வளவாக வருவதில்லை, ஒரே தட்டை நம்பியிருப்பதற்குத்தான் வருகிறது. நீ நிறுத்திவிடு என்று நான் சொல்லவில்லை, எப்போதாவது ஒரு கை வைப்பதோடு நிறுத்திக்கொள் என்கிறேன். நோய் தெரியும் வரை தட்டை முழுசாகவே எடுத்துவிடு, ஒரே இடத்தில் கூட்டம் சேர்ந்து தின்பது தொற்றுக்கு நல்ல வழி. பூஞ்சை பிடித்த கடலையை எப்போதுமே போடாதே, அதிலிருக்கும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

அடுத்த வீட்டில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் கேட்டுப் பார். ரத்தம் உறைய விடாத வகை என்றால் அணில் சோர்ந்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாகும். புரோமெதலின் என்ற வகை நேராக நரம்பைத் தாக்குவது, மூளையை வீங்க வைக்கும், நடுக்கமும் வலிப்பும் பின்னங்கால் செயலிழப்பும் வரும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. எலிக்கு என்று வைக்கும் உருண்டையை அணில் தின்னாது என்று எப்படி நம்புகிறார்கள்? பழைய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட்டையும் கூரை ஈயத் தகட்டையும் கொறித்து ஈய விஷம் ஏறுவதும் உண்டு.

வைரஸ்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் அணில்களையும் தாக்கும், மூளைக்காய்ச்சல் வரும். வைரஸ் இல்லை என்றாலும், பூனைக் கழிவிலிருந்து வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் அணிலைக் கொல்லும். நீ படித்துப் பயந்த ஜெர்மனி செய்தி உண்மைதான், 2011க்கும் 2013க்கும் இடையில் அங்கே மூன்று பேர் மூளை அழற்சியில் இறந்தார்கள், அவர்களுக்குப் போர்னா வகை வைரஸ் ஒன்று அணில்களிடமிருந்து வந்தது என்று 2015இல் கண்டறிந்து எழுதினார்கள். ஆனால் அது அவர்கள் வீட்டில் வளர்த்த மத்திய அமெரிக்க அணில் இனம், உன் தோட்டத்து அணில் இல்லை.

சரி, நீ செய்ய வேண்டியது. பூனை நாயை உள்ளே வை. அணில் ஓடி ஒளிகிற அளவுக்குத் தெம்பாக இருந்தால் துரத்திப் பிடிக்காதே. கீழே கிடந்தால் மட்டும் தடிமனான கையுறை போட்டு, துண்டைப் போர்த்தி எடுத்து, காற்று போகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, வெளிச்சமும் சத்தமும் இல்லாத கதகதப்பான இடத்தில் விடு. வாயில் தண்ணீர் ஊற்றாதே, பால் கூடவே கூடாது, தலை சரியாக நிற்காத அணிலுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே பக்கத்திலிருக்கும் காட்டுயிர் மீட்பு மையத்தையோ அணிலைப் பார்க்கும் கால்நடை மருத்துவரையோ கூப்பிடு. வீட்டிலேயே வைத்து வளர்த்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும், ஆனால் பல இடங்களில் அது சட்டப்படி குற்றம், அணிலுக்கும் அந்த மனித வாசனை ஓயாத பயம்தான்.

சில சமயம் அவர்கள் கருணைக்கொலைதான் வழி என்று சொல்லக்கூடும். மூளையில் புழு முற்றியிருந்தாலோ முதுகெலும்பு முறிந்திருந்தாலோ அதை மறுத்துப் பேசாதே. அப்படிப்பட்ட அணில்களோடு நான் இருந்திருக்கிறேன், இழுத்துக்கொண்டு கிடப்பதைவிட அது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

நாளைக் காலையே கூப்பிடு, அவர்களுக்கு அந்த வீடியோவும் பக்கத்து வீட்டு மருந்தின் பெயரும் வேண்டியிருக்கும். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி