மோகனத்துக்குள் வந்த மத்திமம்

உவர்மலை,
திருகோணமலை.
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பாட்டுக் கோப்பு கிடைத்தது. மூன்று நாளாக அதோடுதான் இருக்கிறேன். கச்சான் காற்று அடிக்கிறதால் பகலில் வெளியே தலை காட்ட முடியவில்லை, அதுவும் எனக்கு ஒரு சாட்டு. "கோர்ட்டை ஒருக்கால் பாருங்கோ அப்பா" என்று நீ போனில் சொன்னதைக் கேட்டு அம்மா, என்ன வழக்கு என்று பதறிப்போனார். ச, க, ப மூன்றையும் சேர்த்து அமத்துவதுதான் கோர்ட் என்று ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டிய பிறகுதான் அடுப்படிக்குத் திரும்பினார்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நீ ஒரு கட்டைச் சுருதியில் போட்டிருந்தாய். அம்மா பாடிப் பார்க்க அது கீழே இருந்தது, இரண்டு கட்டை வேண்டும். கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் இரண்டு படிதானே, எல்லாவற்றையும் தெரிவு செய்து மேலே நகர்த்திவிட்டேன். பாட்டு ஏறியது, சரி. ஆனால் மேளத்துக்குப் பேய் பிடித்துவிட்டது. பேஸ் ட்ரம் அடிக்க வேண்டிய இடமெல்லாம் ஸ்னேர் படபடக்கிறது. அரை நாள் மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் விளங்கியது. மிடிக்குள், அதாவது கீபோர்ட்டில் எதை அமத்தினோம் என்று கணினி எழுதி வைக்கிற குறிப்புக்குள், ஒலி என்று ஒன்றும் கிடையாது. எந்த இலக்கம், எவ்வளவு வேகத்தில் அமத்தியது, எப்போது விட்டது, அவ்வளவுதான். பியானோவில் 60 என்றால் நடு சி. மேளத்தின் தடத்திலோ 36 பேஸ் ட்ரம், 38 ஸ்னேர். நான் இரண்டைக் கூட்ட, 36 போய் 38 ஆகிவிட்டது. செயல்தவிர் (அன்டூ) பொத்தான் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும். இந்த மிடி வந்தது 1983 ஆம் ஆண்டாம். அந்த வருடம் என்றால் நமக்கு வருகிற ஞாபகம் வேறு. உலகத்தில் வேறு எங்கோ ஆட்கள் இருந்து கீபோர்ட்டுகளை ஒன்றோடொன்று கதைக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பல்லவிக்கு நீ வைத்த கோர்ட் நாலும் ஊரெல்லாம் ஓடுகிற நாலு: சி, ஜி, ஏ மைனர், எஃப். பிழை ஒன்றுமில்லை. எழுத்தை விட்டுவிட்டுச் சுரமாக எழுதிப் பார்த்தேன், எனக்கு அதுதான் கண்ணுக்குப் பிடிபடும். ச க ப. ப நி ரி. த ச க. ம த ச. உன் மெட்டு என்ன? ச ரி க ப த, சுத்தமான மோகனம். உனக்குத் தெரிந்தே போட்டாயோ, சின்ன வயதில் பஜனையில் கேட்டது தானாக வந்ததோ தெரியாது. மோகனத்தில் ம இல்லை, நி இல்லை. ஆகவே நாலு கோர்ட்டில் இரண்டுக்குள் ராகத்துக்கு வெளியே இருந்து ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வெளியாள் வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், அப்படி அடம்பிடித்தால் கோர்ட் போடவே தேவையில்லை, தம்புரா போதும். ஆனால் நாலாவது பாரை, அதாவது எஃப் வருகிற அந்த நாலு அடியை, கேட்ட அம்மா சொன்னதைக் கேள்: "அந்த இடத்தில ஆரோ வாசல்படியில கால் தடக்கி விழுற மாதிரிக் கிடக்கு." சுரங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டுகிற பியானோ ரோலைத் திறந்து பார்த்தேன். உன் குரல் க-வில் நீண்டு நிற்கிறது. அதற்கு நேர் மேலே, ஒட்டினாற்போல, பியானோவின் ம. அரைச் சுரம்தான் இடைவெளி. திரையில் இரண்டு செங்கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது போலக் கிடந்தது. கண்ணாலேயே இடிப்பது தெரிகிறது. ம கீழே தூரத்தில் இருந்து, க மேலே நின்றிருந்தால் அது வேறு நிறம். மேஜர் செவன்த் என்று அதற்கொரு பெயரும் உண்டு, நானும் விட்டிருப்பேன்.

நான் செய்தது இதுதான். மூன்றாவது பாரின் ஏ மைனரை அப்படியே நாலாவது பாருக்கும் நீட்டினேன். கோர்ட்டுக்கு அடியில் தனியாக நின்ற த-வை மட்டும் ப-வுக்கு இறக்கினேன். இப்போது ப, த, ச, க. நாலும் மோகனத்துக்காரர். ப திரும்ப ச-வுக்குக் கொண்டுபோய் விடுகிறது. இரண்டாவது பாரில் ஜி-யின் நடுக் கட்டையை, அந்த நி-யை, அழித்துவிட்டேன். மிஞ்சிய ப-வும் ரி-யும் வெறுமையாக நிற்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

இன்னொன்று. நீ ஒவ்வொரு கோர்ட்டையும் அதன் பெயர்ச் சுரத்தில் இருந்தே தொடங்கியிருக்கிறாய். பொத்தானை அமத்த மென்பொருள் அப்படித்தான் போட்டுத் தரும் போல. ச க ப-வில் இருந்து ப நி ரி-க்குப் போகும்போது மூன்று விரலும் ஒன்றாகப் பாய்கிறது. கையால் வாசிக்கிறவன் அப்படிப் பாயமாட்டான், சோம்பல் விடாது. முதல் கோர்ட்டின் ப, அடுத்ததிலும் இருக்கிறதே, அதை அசைக்காதே. ச பக்கத்து நி-க்கும் க பக்கத்து ரி-க்கும் இறங்கினால் போதும். (நி-யை நான் பிறகு எடுத்தது வேறு கதை.) ச க ப-வில் இருந்து ஏ மைனருக்குப் போக ஒரேயொரு ப தான் த-வுக்கு ஏற வேண்டும், மற்ற இரண்டும் இருந்த இடத்தில் இருக்கும். அடுக்கை மாற்றினேனே தவிரச் சுரத்தை மாற்றவில்லை. முன்பு திரையில் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற படி மாதிரி இருந்தது, இப்போது டச்சுக் குடாவில் அலை இல்லாத நாள் மாதிரி இருக்கிறது.

அமத்துகிற வேகம், அதுதான் சத்தத்தின் அளவு, எல்லாக் கட்டைக்கும் 100 என்று ஒரே இலக்கம். 127 வரை போகலாம் என்பதற்காக ஒரே சத்தத்தில் கத்த வேண்டியதில்லை. உட்சுரங்களை 60, 70க்குக் குறைத்தேன். தாளக் கட்டத்துக்குள் எல்லாவற்றையும் நேராக இழுத்துவைக்கிற அந்த வசதியையும் கோர்ட்டுகளுக்குக் கொஞ்சம் தளர்த்தினேன். நாலு பாருக்கு ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் சரியாக விழுகிறது, அதை மட்டும் கெடுக்கவில்லை.

நீ ரி-யில் இருந்து க-வுக்கு அசைத்துப் போகிற இடத்தில் கோர்ட்டில் இருந்த க-வையும் எடுத்துவிட்டேன். கட்டைக்கு அசையத் தெரியாது. இதற்காகத்தான் 1940 இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடை செய்தது, 1971 வரை. முப்பது வருடத்துக்கு மேல்! ஆர்மோனியக்காரன் நான் அதை நியாயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் குறை உண்மைதான். குரல் ஊசலாடும்போது கீழே ஒரு கட்டை விறைப்பாக நின்று "க இங்கேதான்" என்று காட்டிக்கொண்டிருந்தால் கமகம் பிழை மாதிரிக் கேட்கும்.

சரணத்தில் இருக்கிற எஃப்-ஐ நான் தொடவில்லை, பயப்படாதே. அங்கே குரல் மேல் ச-வில் நிற்கிறது, ம த ச-வுக்குள் அது வடிவாக உட்காருகிறது. பல்லவி முழுக்க ம-வைக் கேட்காத காதுக்கு அங்கேதான் அது முதல் தடவை கேட்கும். "கடல் பார்த்த வீடு" என்று நீ எழுதிய வரிக்குக் கீழே வருகிறது. நான் அதை ஐந்தாறு தரம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

உன் பழைய கோப்பு அப்படியே இருக்கிறது, என்னுடையதை வேறு பெயரில் சேமித்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் தூக்கி எறி, கோபிக்கமாட்டேன். (கொஞ்சம் கோபிப்பேன்.)

அப்புறம், அம்மா பல்லவியைப் பாடினார். போனில் பதிந்து தனித் தடமாகப் போட்டிருக்கிறேன். இரண்டாவது வரியில் பாண் ஓட்டோ வாசலால் போய்விட்டது, அதன் பாட்டும் விழுந்திருக்கிறது, சுருதி ஒட்டவேயில்லை. அது பேத்தோவன் 1810 இல் எழுதிய மெட்டு என்று அம்மாவிடம் சொன்னேன். "ஆர் எழுதினால் என்ன, மாலுபாண் முடிய முதல் ஓடிப்போய் மறியுங்கோ" என்றார். ஓடினேன். அதனால் அந்த இடத்தில் கேட் திறக்கிற சத்தமும் இருக்கும். வெட்டுவதா விடுவதா என்று நீ பார்.

அன்புடன்,
அப்பா