மஞ்சள் விளக்கு மின்னினால் எஞ்சினைச் சந்தேகிக்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கிவிட்டால் எங்கள் பணிமனைக்கு ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது, சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு மின்னுகிறது. எஞ்சினைப் பாருங்கள்." பார்க்கிறோம். பெரும்பாலும் எஞ்சினில் ஒரு குறையும் இருப்பதில்லை. தயங்க வைப்பது டிராக்ஷன் கண்ட்ரோல், அதாவது சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கும் அமைப்பு.

சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை முன் சக்கரங்களே இழுக்கின்றன. வேகமாகக் கிளப்பும்போது வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்ந்து, இழுக்க வேண்டிய டயர்களின் மேல் அழுத்தம் குறைகிறது. முதல் கியரிலோ சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை மிக அதிகம். ஈரச் சாலையில், அதுவும் வெள்ளைக் கோட்டின் மேல் நின்று கிளம்பினால், சின்ன எஞ்சின்கூட டயரை வெறுமனே சுழல வைத்துவிடும். சத்தம் பெரிதாக வரும், வண்டி நகராது. தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு உச்சத்தில் இருப்பது ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதச் சறுக்கலில்தான், அதாவது வண்டியின் வேகத்தைவிடச் சக்கரம் அந்த அளவு கூடுதலாகச் சுழலும்போதுதான். அதைத் தாண்டினால் இழுவையும் குறையும், ஸ்டியரிங்குக்கும் வண்டி கட்டுப்படாது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சார்கள்தான் டிராக்ஷன் கண்ட்ரோலுக்கும் சக்கரங்களின் வேகத்தைச் சொல்கின்றன. முன் சக்கரம் அளவு மீறிச் சுழன்றால் எஞ்சினின் விசை குறைக்கப்படுகிறது. பல கார்களில் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கும் பிடிக்கும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதும் இழுக்காமல் நின்றுவிடும். வழுக்குவதைப் பிடித்தால்தான் மற்றதற்கு விசை போகும்.

கை தேர்ந்த ஓட்டுநர் காய்ந்த சாலையில் டிராக்ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஒரு கணம் முன்னதாகப் பாயலாம். அலுவலகம் போகிறவருக்கு அந்த ஒரு கணம் எதற்கு? மணலிலோ சேற்றிலோ சிக்கினால் மட்டும் அணையுங்கள். அங்கே சக்கரம் சற்றுச் சுழன்றாக வேண்டும். விசையைக் குறைத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வெளியே வந்ததும் மீண்டும் போட்டுவிடுங்கள்.

விளக்கு மின்னாமல் விடாமல் எரிந்தால், டிராக்ஷன் கண்ட்ரோல் பொத்தான் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வண்டியைக் கொண்டுவாருங்கள். சென்சாரையும் அதன் வயரையும் சோதிக்க வேண்டும்.

மென்மையாகக் கிளப்பும்போதே அடிக்கடி மின்னுகிறதா? முன் டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால், மிச்சமிருக்கும் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். மாற்ற வேண்டியது அந்த டயர்களை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இப்படிக்கு,
பணிமனைப் பொறுப்பாளர்