எக்ஸ்ரே எடுத்தால் போதாது, மனுவும் எழுத வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். முதுகு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை என்று பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து வருபவருக்கு வலி மாத்திரை எழுதித் தருவது சுலபம். ஆனால் அந்த வலிக்குப் போர்வெல் தண்ணீரில் மிகுந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு காரணமாக இருக்கலாம். உடம்பிலிருந்து அதை வெளியேற்றுவது சிறுநீரகம். மாதக்கணக்கில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை போட்டால் அந்தச் சிறுநீரகம் கெடும். வெளியேற வேண்டியது எலும்பில் போய்ப் படியும். வீட்டுக்குப் போய் அவர் குடிப்பதோ அதே போர்வெல் தண்ணீர்.

நோயைக் கண்டுபிடிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடச் சொல்ல வேண்டும். பிறகு தாடையை நெஞ்சில் வைக்கச் சொல்லி, கைகளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் முன்கைக்கு ஓர் எக்ஸ்ரே. இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு ஏறி முள் முள்ளாகத் தெரிந்தால் அநேகமாக ஃப்ளோரோசிஸ்தான், அதாவது ஃப்ளோரைடு படிவதால் வரும் நோய். சிறுநீர் மாதிரியை பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்க வேண்டும். கண்ணாடியோடு ஃப்ளோரைடு வினைபுரியும், அளவு குறைத்துக் காட்டும்.

இவ்வளவும் செய்துவிட்டுச் சீட்டில் 'முதுகுவலி' என்று மட்டும் எழுதுவதுதான் நாம் செய்யும் தவறு. நோயின் பெயர், நோயாளியின் குக்கிராமம், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். ஒரே தொட்டித் தண்ணீர் குடிக்கும் பத்துப் பேரின் சீட்டுகள் சேர்ந்தால் அதுவே மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கத் தகுந்த மனு.

காவிரித் தண்ணீரை நம் ஊர்களுக்குக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எந்த மருத்துவமனையிலும் பிறக்கவில்லை. 2008-ல் அடிக்கல், அதே ஆண்டு கர்நாடகத்தின் எதிர்ப்பு, ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் தந்த கடன், ரூ.1,928.80 கோடி செலவு, 2013 மே மாதம் திறப்பு என்று முழுக்க அரசியலால் வந்தது அது. நம் எலும்பு நோயாளிகளுக்கு இதுவரை கிடைத்த ஆகப்பெரிய சிகிச்சையும் அதுதான்.

குழாய் வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்கலாம். ஆற்றுத் தண்ணீர் போதாத இடங்களில் மேல்நிலைத் தொட்டியில் போர்வெல் தண்ணீரையும் ஏற்றிவிடுகிறார்கள். லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள ஆற்றுத் தண்ணீரோடு 3 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரைச் சரிபாதி கலந்தால் 1.7 வரும். இந்தியத் தர நிர்ணயப்படி விரும்பத்தக்க அளவு 1. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. கொதிக்க வைத்தால் சரியாகும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீர் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு கூடத்தான் செய்யும். களியும் நெல்லிக்காயும் சாப்பிடச் சொல்வது நல்லதே, கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேரும் ஃப்ளோரைடைக் கொஞ்சம் குறைக்கும். தண்ணீர் மாறாதவரை அந்தக் கொஞ்சம் போதாது.

'அரசியல் நமக்கெதற்கு' என்று கைகழுவும் சக மருத்துவர்கள் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகளில் ஐந்தாம் அத்தியாயத்தை ஒருமுறை புரட்டலாம். பொதுச் சுகாதாரம் குறித்து மக்களுக்கு ஆலோசனை சொல்வது மருத்துவரின் கடமை என்றே அங்கே இருக்கிறது. அரசு மருத்துவர் கட்சி மேடை ஏற முடியாதுதான். ஊராட்சி கேட்டால் பரிசோதனை முடிவை விளக்கிச் சொல்ல எந்த மேடையும் தேவையில்லை. தனியார் மருத்துவருக்கு அந்தத் தடையும் கிடையாது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஃப்ளோரோசிஸ் தனியாக இல்லை. எலும்பு மருத்துவர் இயக்கக் குறைபாடு என்ற வகையில்தான் சான்று தர முடியும். நோயறிதல் இடத்தில் ஃப்ளோரோசிஸ் என்று எழுதாமல் விட்டால், இந்த நோயால் முடங்கியவர்கள் எத்தனை பேர் என்பது அரசின் கணக்குக்கு வரவே வராது.

மே 1 கிராம சபைக்கு முன், கோடைப் பற்றாக்குறை தொடங்கியதும், தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பரிசோதிக்க வேண்டும். தொட்டியடியில் மட்டும் பிடித்தால் போதாது. எலும்பு, பல், சிறுநீரகம், குழந்தைகள் நலம் என நான்கு துறை மருத்துவர்களும் அந்த முடிவோடு கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தைச் சபையில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். ஃப்ளோரைடு பல்லைக் கெடுப்பது அதன் எனாமல் உருவாகும்போதுதான், அது உருவாகி முடிவது எட்டு வயதுக்குள். இந்த ஆண்டு அங்கன்வாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதிகம் போனால் இன்னும் ஐந்தாறு கோடைகள்தான் இருக்கின்றன.

எலும்பு மருத்துவர் ஒருவர்,
தருமபுரி