சத்திரத் திருப்பணியும் சாமான் அறையும்: நிறைவு அறிக்கை

உ
சிவமயம்

நகரத்தார் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் ஊர்ச் சத்திரத்தின் திருப்பணி இறையருளால் நிறைவேறியது. ஓடு மாற்றினோம், உளுத்த கைமரங்களை எடுத்தோம், தேக்குத் தூண்களில் யாரோ அடித்திருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டினோம். தரைக்கு ஆத்தங்குடிக் கல். சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. அந்தக் கைவேலை தெரிந்த கொத்தனாருக்காகக் காத்திருந்ததால்தான் தாமதம். சிமெண்ட் என்றால் சீக்கிரம் முடிந்திருக்கும். கோடையில் உள்ளே உட்கார முடிந்திருக்காது.

வீட்டார் தந்த பழஞ்சாமான்களைக் காட்சிக்கு வைக்க முகப்பை ஒட்டி அமைத்த சாமான் அறை பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். “வெள்ளியும் வைரமும் இருந்த ஊரில் மங்குத் தூக்கையா காட்சிக்கு வைப்பது?” என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். மங்கு என்பது எனாமல் பூசிய இரும்புப் பாத்திரம். அந்தத் தூக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒன்றில் ஸ்வீடன், ஒன்றில் ஜப்பான், இன்னொன்றில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே 1918இல்தான் உருவானது. ஆகவே, “கொள்ளுப்பாட்டையா காலத்துச் சாமான்” என்று சொல்லித் தந்த வீட்டார் வருத்தப்படக் கூடாது. அது முதல் உலகப் போருக்குப் பிந்தையது.

பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கவில்லை என்பதும் ஒரு குறையாக வந்தது. வேண்டுமென்றேதான் விட்டோம். தேய்க்கத் தேய்க்க, வெட்டியிருக்கும் விலாசம், அதாவது வீட்டாரின் பெயர் எழுத்து, மங்கிவிடும். எந்த வீட்டுச் சீர் எந்த வீட்டுக்கு வந்தது என்பதற்கு இன்று பல குடும்பங்களில் அந்த எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அறையின் நடுவில் இருப்பது வட்டிக்கடைக் கணக்குப் பெட்டி. கீழ்ப்பர்மாவில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கடுக்காக ஆள் வைத்து நடந்த தொழிலின் மிச்சம் அது. கடன் கொடுத்தவர்கள் நிலத்தை விரும்பிச் சேர்த்தார்கள் என்றொரு பேச்சு உண்டு. நடந்தது வேறு. 1930இல் நெல் விலை விழுந்தது. பணம் திரும்பாமல், ஈட்டுக்கு வைத்த வயல்கள் கைக்கு வந்தன. முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார் நிலம், 1938இல் ஏறத்தாழ 25 ஆனது. வட்டிக்கு நிலம் ஈடாகுமா என்று அன்றைய முதலாளிகளைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. பலர் கணக்கு ஏடுகளை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தது. பெட்டியை ஏட்டோடு தேடினோம். பெட்டி மட்டுமே கிடைத்தது.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு சத்திரப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. புள்ளி வரி (குடும்பக் கணக்கில் தரும் ஊர் வரி) பாக்கி உள்ளவர்கள் கணக்கப்பிள்ளையிடம் செலுத்தி ரசீது பெறவும். சாமான் தந்தவர்கள் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். மேற்கு ஜன்னலுக்குத் திரை இன்னும் போடவில்லை. வெயில் பட்டால் பர்மா மரவைகளின் (அரக்குப் பூசிய பாத்திரங்களின்) பூச்சு வெடிக்கும் என்பதால், அவை அதுவரை பெட்டகத்துக்குள்ளேயே இருக்கும். பார்க்க விரும்புவோர் சாவியைக் கேட்டு வாங்கலாம்.

திருப்பணிக் குழுவினர்