இரும்பும் வெந்நீரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெப்பம், வெப்பநிலை இரண்டையும் வரையறையாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட ஒரு சோதனை மேல். 80 டிகிரி செல்சியஸ் வெந்நீர் 100 கிராம் எடுத்து, அதில் 20 டிகிரியில் உள்ள 100 கிராம் இரும்புத் துண்டை இடுங்கள். முடிவில் வெப்பநிலை என்ன? பலரும் 50 என்பார்கள். கணக்குப்படி சுமார் 74! ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் தேவை; இரும்புக்கு 0.45 ஜூலே போதும். கொடுத்ததும் பெற்றதும் ஒரே அளவு வெப்பம்தான், வெப்பநிலை மாற்றம்தான் வேறு.

செய்து பார்க்கையில் 74-க்கும் கீழே காட்டினால் பாத்திரமும் காற்றும் தம் பங்கை எடுத்துக்கொண்டன என்று பொருள். மூடியுள்ள தெர்மோகோல் குவளை நல்லது. கலக்கிக்கொண்டே அளவிடுங்கள், வெப்பமானியின் குமிழ் இரும்பைத் தொடக் கூடாது.

- அறிவியல் ஆசிரியர்கள் சிலர்